மலைப்பாதைக்கு உகந்த சிறிய கார்

இலங்கையின் மலையகத்தில், றொசல்லையிலிருந்து ஹட்டனுக்கு நாள்தோறும் உத்தியோகத்தின் நிமித்தம் சென்றுவரும் ஒருவர், 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடையினாலும், 2025இல் அது நீங்கியபின் வந்த வரிச்சுமையினாலும் புதுக் காரை நினைத்தும் பார்க்க இயலாதவராய்ப் பழைய காரொன்றை வாங்கத் துணிவாராயின், 796 சிசி எஞ்சின் கொண்ட மாருதி சுசுகி அல்டோவையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரப் பங்கீட்டுப் பெற்றோலுக்காக வரிசையில் காத்துநின்ற ஜனங்களுக்குச் சிக்கனத்தின் அருமையை விவரிக்க வேண்டியதில்லை. பாரம் குறைந்த அவ்வண்டியை வளைவுக்கு வளைவு இரண்டாம் கியருக்கு இறக்கி மேடேற்றுவதில் உண்மையான உற்சாகமும் உண்டு.

ஆயினும், மழைக்குப் பெயர்போன இப்பிரதேசத்தில் ஓடிய வண்டியாதலால், கால்விரிப்பைத் தூக்கி அடித்தகட்டில் துருவேறியிருக்கிறதா என்று பார்ப்பதும், நால்வரை ஏற்றி மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக் பிடிக்கிறதா, புறப்படுகையில் கிளச் கருகும் வாடை எழுகிறதா என்று பரீட்சிப்பதும் அத்தியாவசியம். பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது பிராணாபத்து. கியரிலேயே இறங்கினால், இஞ்செக்டர் பொருத்திய எஞ்சின் பெற்றோலைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்குமாயின், அது நீக்கப்படும்வரை ஒரு ரூபாயும் முற்பணமாகக் கொடாதீர்கள்.