நடுப்பகலில் கரகரத்த பெட்டி

ஹனூரில் என் மாமனார் வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. கொள்ளேகால் தாலுக்கா 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்ததை நேயர்கள் அறிவர். ஆகவே அவ்வீட்டில் தமிழ்ப் பாட்டு கேட்பது நித்திய வழக்கம். உள்ளூரில் யாரோ கூட்டிக் கொடுத்த அப்பெட்டி காலையில் கணீரென்று பாடும். சித்திரை மாதத்து நடுப்பகலிலோ தொண்டை கட்டியது போல் கரகரக்கும்.

நான் ஒலிபெருக்கும் பகுதியிலிருந்த டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, அதே எண்ணுள்ள புதியதொன்றை வைத்தேன். விளைவு? காலையிலேயே கரகரத்தது! மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனந்தான் என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

குற்றம் டிரான்சிஸ்டரில் இல்லை, பயாஸில் இருந்தது. ஒலியலை மேலும் கீழும் அசைவது. டிரான்சிஸ்டரோ ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். ஆகவே பாட்டு வராதபோதும் அதில் ஓர் அளவான ஓட்டம் இருந்துகொண்டே இருக்கவேண்டும். அப்போதுதான் அலை இருபுறமும் அசைய இடம் கிடைக்கும். இந்த நிலையோட்டத்தை அமைப்பதே பயாஸ்.

அப்பெட்டியில் பேஸுக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் ஊட்டியிருந்தார்கள். பேஸுக்கு 10 மைக்ரோ ஆம்பியர் வருகிறது என்று கொள்வோம். பெருக்கம் 100 ஆனால் கலெக்டரில் 1 மில்லி ஆம்பியர், 3.9 கிலோ ஓம் தடையில் 3.9 வோல்ட் போக, 9 வோல்ட் பாட்டரியில் 5.1 மிஞ்சும். நல்ல நடுநிலை. ஆனால் ஒரே எண்ணுள்ள மற்றொன்றின் பெருக்கம் 300 ஆகவும் இருக்கலாம். அப்போது அத்தடைக்கே 11.7 வோல்ட் வேண்டும்! இருப்பதோ ஒன்பது. அலையின் பாதி நசுங்கிப்போகிறது.

வெயிலின் விஷயமும் இதுவே. பெங்களூர் பாரத் எலெக்டிரானிக்ஸ் 1962-இல் செய்யத் தொடங்கியவையும் ஜெர்மானியக் குறைகடத்திகளே. அக்காலத்தில் அவையே மிகுந்த வழக்கில் இருந்தன. ஜெர்மானியத்தில் கசியும் மின்னோட்டம் சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை 20 டிகிரி, நடுப்பகல் 40 என்றால் கசிவு நான்கு மடங்கு. அதையும் டிரான்சிஸ்டர் பெருக்கிவிடுகிறது.

பரிகாரம் எளிது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்று. எமிட்டரில் 1 கிலோ ஓம். பேஸுக்கு மேலே 68, கீழே 18 கிலோ ஓம். பேஸில் ஏறக்குறைய 1.7 வோல்ட் நிற்கும், அதில் 0.65 கழிய, எமிட்டரில் 1 வோல்ட்டுக்குச் சற்று மேல்; ஓட்டமும் 1 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். ஓட்டம் கூடினால் எமிட்டரின் வோல்ட் உயரும்; பேஸுக்கும் அதற்குமுள்ள வித்தியாசம் குறையும்; ஓட்டம் தானே தணியும். பெருக்கம் 300 ஆனாலும் ஏறக்குறைய அதே ஓட்டந்தான். எமிட்டர்த் தடைக்குக் குறுக்கே ஒரு கண்டென்ஸரை வைக்க மறந்தால் மட்டும் ஒலி மெலிந்துவிடும். நான் முதலில் மறந்தேன். (பி.என்.பி. வகையாயின் பாட்டரியின் முனைகளை மாற்றிக் கொள்க.)

சென்ற சித்திரையில், நடுப்பகல் இரண்டு மணிக்கு, ஒலியைச் சற்றுக் குறைக்கும்படி மாமனார் சொன்னார்.