சளிக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனி விலகும்வரை, சளியும் இருமலும் இல்லாத தமிழ்நாட்டு வீடு அரிது. அதோடு சேர்ந்து வருகிறது ஒரு நம்பிக்கை: ஆன்டிபயாடிக் போட்டால்தான் சளி சீக்கிரம் போகும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மாத்திரைகளில் அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ இருந்தால்தான் பலருக்கு மனம் நிறைகிறது. எழுதித் தர மறுக்கும் மருத்துவர் கைராசி இல்லாதவர் என்று பெயர் வாங்குகிறார். இந்த நம்பிக்கைக்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இல்லை. அதனால் விளையும் கேடோ வீட்டோடு நிற்பதில்லை.

சாதாரண சளியை உண்டாக்குபவை வைரஸ்கள். அவற்றில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா வைரஸ். அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அசித்ரோமைசின் அதன் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. வைரஸுக்குச் செல் சுவரே கிடையாது. தனக்கு வேண்டிய புரதத்தை அது நம் செல்களுக்குள் புகுந்து செய்துகொள்கிறது. ஆகவே இந்த மாத்திரைகள் தாக்குவதற்கு வைரஸில் எதுவுமே இல்லை.

“சாப்பிட்டதும் சரியானதே” என்பார்கள். சளி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். தாங்க முடியாமல் மருந்து தேடிப் போவது அந்த உச்ச நாளில்தான். மறுநாள் உடம்பு தேறினால் பெயர் மாத்திரைக்குப் போகிறது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியா வந்துவிட்டது என்று அஞ்சுவதும் தேவையற்றது. தொற்றோடு போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியே அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் அது வரும். இருமல் மட்டும் மூன்று வாரம்வரை நீடிக்கலாம். 2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைச் சொல்லி, தேவையின்றி ஆன்டிபயாடிக் எழுத வேண்டாம் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

“நிமோனியா ஆகிவிட்டால் என்ன செய்வது?” என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. சளி, தொண்டை வலி போன்றவற்றுக்குப் பின் வரும் கடுமையான சிக்கல் ஒன்றைத் தடுக்க 4,000 பேருக்கும் மேல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருந்தது. நெஞ்சில் தொற்று இறங்கிய முதியவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்பட்டது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. யாருக்குத் தேவை என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்; கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், குழந்தை பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் மாத்திரை தேடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தேவையின்றிச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றுப்போக்கையும் ஒவ்வாமையையும் தரலாம். அதைவிடப் பெரிய கேடு, நம் உடம்பிலுள்ள பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடுவது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சளிக்கு வீணடிக்கும் மருந்து, நாளை பச்சிளங்குழந்தையின் ரத்தத் தொற்றுக்குக் கைகொடுக்காமல் போகலாம்.

மருத்துவரிடம் போகக் காசும் நேரமும் இல்லாத கூலித் தொழிலாளி என்ன செய்வார் என்று கேட்கலாம். பயனில்லாத மருந்துக்கு அவர் ஏன் ஒரு ரூபாயாவது செலவழிக்க வேண்டும்? ஓய்வு, வெந்நீர், கஞ்சி, அளவறிந்து கொடுக்கும் பாராசிட்டமால், ஒரு வயது கடந்த பிள்ளைகளின் இருமலுக்குத் தேன்: பெரும்பாலான சளிக்கு இவை போதும். சோப்பு போட்டுக் கை கழுவுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், காய்ச்சலடிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலிருப்பதும் மற்றவர்களைக் காக்கும். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரை அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டின் பொருள், மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்கக் கூடாது என்பதே. அந்தக் கோட்டைக் கடைக்காரர் மதிக்கட்டும், வாங்குபவரும் மதிக்கட்டும். ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை நம்புங்கள். உங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்பவர் அவர்தான்.