திரையில் ஏறாத சொல்

அமெரிக்காவில் 911ஐ அழைத்தால் போலீஸ் வரும் என்பது நமக்கு சினிமா சொல்லித் தந்த பாடம். நடுவில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவரை அந்த சினிமா அதிகம் கண்டுகொள்வதில்லை. பெரிய நகரங்களில் அழைப்பைக் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டுபவர் ஒருவர். அதைப் படித்து வயர்லெஸ்ஸில் ரோந்துக் காரை ஏவுபவர் இன்னொருவர். முதலாமவர் தட்டாமல் விட்டது காரில் போகிறவருக்கு எட்டவே எட்டாது.

2014 நவம்பர் 22. கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் யாரோ துப்பாக்கியை நீட்டி மிரட்டுவதாக ஒருவர் போன் செய்தார். அது பொம்மையாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்பதையும் மறக்காமல் சொன்னார். இரண்டும் திரையில் ஏறவில்லை. கார் வந்த இரண்டே விநாடிக்குள் 12 வயது டமிர் ரைஸ் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். சுட்டவரின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. ஆனால் ஓர் உயிர் ஊசலாடிய இடம் அந்த விசைப்பலகையும்தான். அப்படியிருந்தும், 2018இல் திருத்திய அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு 911 அழைப்பை எடுக்கும் இவர்களைப் போலீஸ், தீயணைப்பு வரிசையில் சேர்க்காமல் அலுவலக எழுத்தர்களோடு உட்கார வைத்திருக்கிறது. கிளார்க் வேலையாம்! இதைவிடப் பொருந்தாத நாற்காலி இருக்க முடியாது.

கிளீவ்லாந்தில் அந்த அழைப்பை எடுத்தவருக்கு 2017இல் கிடைத்த தண்டனை, 8 நாள் சஸ்பென்ஷன்.