ஆய்வேட்டின் பிழை யாருடையது?

ஆய்வேடு ஒப்படைக்கும் கடைசி வாரம் வந்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் கல்லூரிகளை ஒட்டிய டி.டி.பி. கடைகளில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். பழைய எழுத்துருவில் அடித்த இயல்களை யூனிகோடுக்கு மாற்றி, பக்க எண் போட்டு, பைண்டிங்குக்குக் கொடுக்கும் அவசரத்தில் மெய்ப்புப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கொம்பும் காலும் இடம்மாறி நிற்பது வாய்மொழித் தேர்வில்தான் தெரியவருகிறது. பழி முழுவதும் மாணவர் தலையில் விழுகிறது. இது நியாயமல்ல.

மெய்ப்புப் பிழை என்றால் ஒற்று மிகுவதும் மிகாததும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். எண்ணும் அலகும் தவறினாலும் பிழைதான். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். ஒரு கட்டுரையில் அது 'ஏக்கர்' என்று அச்சாகிவிட்டால், தாளிலேயே சதுப்பு நிலத்தின் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். உலக அளவிலும் இத்தகைய எண் பிழை நடந்திருக்கிறது. இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. 2010-இல் அந்தக் குழுவே தவறை ஒப்புக்கொண்டது. பழைய ஆவணம் ஒன்றில் இருந்த 2350 தான் 2035 ஆகிவிட்டதென்று கருதப்படுகிறது. அத்தனை அறிஞர்கள் கூடிய இடத்திலேயே இப்படி என்றால், தனியாகத் தவிக்கும் மாணவரை என்ன சொல்வது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. ஒப்புமை அந்த அளவுக்குள் இருப்பதாக மென்பொருள் தரும் சான்று கையில் கிடைத்ததும் ஏடு திருந்திவிட்டதாகப் பலரும் நிம்மதி அடைகிறார்கள். மென்பொருள் ஒப்புமையைத்தான் காட்டும். எண் சரியா, மேற்கோள் மூலத்தில் உள்ளபடி இருக்கிறதா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அவ்வளவு பெரிய புலவரே பிறரிடம் கேட்கத் தயங்கவில்லை. அவர் பெயரால் அமைந்த நூலகம் பெசன்ட் நகரில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். மாணவர், அட்டவணை ஒவ்வொன்றையும் களக்குறிப்போடு ஒத்துப் பார்க்கட்டும். நெறியாளர், முழு ஏட்டையும் படித்த பிறகே கையெழுத்திடட்டும். நிறுவனம், கடைசி நாளுக்கு முன் ஒரு மாதமாவது மெய்ப்புக்கென்று ஒதுக்கட்டும். டி.டி.பி. கடைக்காரர், எழுத்துரு மாற்றிய படியை மாணவர் பார்த்துத் தந்த பிறகே அச்சுக்கு அனுப்பட்டும். திருத்த உதவியவரின் பெயர் நன்றியுரையில் இடம்பெறட்டும். காசு வாங்கிக்கொண்டு இயலையே எழுதித் தருவது மட்டும் திருத்தமாகாது, அது மோசடி.

இதற்குக் கைகொடுக்க நம் வட்டாரத்திலேயே நிறுவனங்கள் உண்டு. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வந்து சேர்ந்த தாம்பரத்தில் இன்று தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. கீழாநெல்லி எது, மேலாநெல்லி எது என்பதைச் சித்த மருத்துவ ஆய்வேட்டில் ஒரு தாவரவியலார் சரிபார்க்கலாம். சுவடி மேற்கோளை ஒரு தமிழாய்வாளர் பார்க்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை இந்த நிறுவனங்களின் மாணவர்கள் கூடி, ஒருவர் ஏட்டை மற்றவர் படித்துக் கொடுத்தாலே போதும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மனம் வேண்டும்.

இங்கே பைண்டிங் ஆகும் ஏடு, ஆய்வேடுகளுக்கான ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறி எல்லோர் பார்வைக்கும் போகிறது. முகம் தெரியாத ஒருவர் நாளை அதை நம்பித் தம் ஆய்வைத் தொடங்குவார். அவருக்குச் சரியான ஏட்டைத் தர வேண்டிய கடமை மாணவருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் உண்டு.