மானின் நாட்காட்டியும் அதிகாரியின் நாட்காட்டியும்

திங்கட்கிழமை ஊசி. வியாழக்கிழமை கழுத்தைத் தடவிப் பார்த்துத் தீர்ப்பு. அமெரிக்க நாட்டிலே இருபது முப்பது மான்களை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் ஓர் எளிய குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் இந்த இரண்டு கிழமைகளுக்கு நடுவே ஊசலாடுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா, தோழர்களே?

"மானைப் பற்றி எழுதுவதற்கா நமக்கு ஒரு பத்திரிகை? விலைவாசியைப் பற்றி எழுது, கூலியைப் பற்றி எழுது" என்று படிப்பகத்துத் தோழர்கள் சிலர் முணுமுணுக்கக் கூடும். சற்றுப் பொறுங்கள். சட்டம் போடுகிறவன் கையில் கடிகாரம் இருக்கிறது. சட்டத்துக்கு அடங்கி நடக்கிறவன் தோளில் சுமை இருக்கிறது. ஆலைச் சங்கு ஊதியபின் ஒரு நிமிடம் பிந்தி வந்து அரை நாள் கூலியைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? மான் பண்ணைக் கதையும் அந்தக் கதைதான்.

நம் நாட்டில் காட்டு மானைப் பிடித்துப் பண்ணை வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் அப்படியன்று. அங்கே மான் இறைச்சிக்காகவும், கொம்புக்காகவும், வேட்டைப் பிரியர்களுக்கு விற்பதற்காகவும் வளர்க்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேலியிட்டு மான் வளர்க்கும் சீமான்களும் உண்டு. வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் நாலு ஏக்கரில் வளர்க்கும் சாமானியர்களும் உண்டு. சட்டம் இருவருக்கும் ஒன்றே. அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

மானுக்கு என்ன நோய்? முதலாவது காசநோய், மாட்டுக்கு வரும் அதே வகை. மனிதனுக்கும் தொற்றக் கூடியது. மாட்டுக் காசநோயை ஒழிப்பதற்காக அந்நாட்டு மத்திய அரசும் மாநில அரசுகளும் 1917-லேயே கைகோத்து வேலை தொடங்கின. பெருமளவு வெற்றியும் கண்டன. ஆனால் 1994-இல் மிச்சிகன் மாநிலத்தின் வடகிழக்கிலே வேட்டைக்காரர் ஒருவர் சுட்ட காட்டு மானிடம் அந்நோய் தென்பட்டது. தேடத் தேட, காட்டு மான் கூட்டத்திலேயே நோய் குடியேறிவிட்டது தெரிந்தது. ஆகவே சோதனை தேவையா என்ற வாதத்துக்கே இடமில்லை. அறிவியலை நம்புகிற இயக்கம் நம்முடையது. அம்மை வந்தால் ஆத்தாள் வந்தாள் என்று வேப்பிலை கட்டிய காலத்தை எதிர்த்து மேடை ஏறியவர்கள் நாம். சோதனை வேண்டும், கட்டாயம் வேண்டும். என் கேள்வி வேறு: எப்போது? யாருடைய வசதிக்கு?

சோதனை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். மானைப் பிடித்து, ஒற்றை மான் மட்டும் நிற்கக்கூடிய நெருக்கமான பலகைக் கூண்டுக்குள் தள்ளி, கழுத்து மயிரை மழித்து, தோலுக்குள் டியூபர்குலின் என்னும் மருந்தைத் துளியளவு ஏற்றுவார்கள். (கவரிமானைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோமே, அந்த மானாக இருந்தால் மயிரை மழித்த மறுகணமே கதை முடிந்திருக்கும்! பண்ணை மான் பாவம், பொறுத்துக்கொள்கிறது.) சரியாக 72 மணி நேரம் கழித்து மருத்துவர் மீண்டும் வந்து, அதே மானை மீண்டும் பிடித்து, ஊசி போட்ட இடம் தடித்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் சலுகை கிடையாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊசி என்றால் வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் பார்த்தாக வேண்டும். வியாழக்கிழமை ஊசி போட்டால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். எந்த மருத்துவர் வருவார்? கிராமப் புறத்திலே கால்நடை மருத்துவர் கிடைப்பதே அருமை. பஞ்சம் நிலவும் பகுதிக்குப் போய் வேலை செய்தால் படிப்புக் கடனையே அடைத்துத் தருகிறோம் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை ஆசை காட்ட வேண்டிய நிலை. சீமானுக்கு இந்தக் கவலை இல்லை. சம்பளத்துக்கு வைத்த மருத்துவர் உண்டு, இரும்பினால் ஆன கூண்டு உண்டு, விரட்டிப் பிடிக்கப் பத்து ஆள் உண்டு. சாமானியனுக்கு மனைவியும் மகனும்தான் ஆள்.

மான், மாடு அல்ல. மாடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கயிற்றுக்குப் பழகியது. மான் இன்னும் காட்டைத் தன் இரத்தத்தில் வைத்திருக்கிறது. விரட்டினால் வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். பிடித்து அழுத்தினால், அந்த அச்சத்திலேயே தசைகள் நைந்து, அன்றைக்கோ சில நாள் கழித்தோ சுருண்டு விழும். வெயில் கூடக் கூட ஆபத்தும் கூடும். ஆக, நோய் இல்லை என்று நிரூபிக்கப் போய் மானையே பறிகொடுக்கும் கூத்து நடக்கிறது.

அதனால்தான் பருவம் முக்கியமாகிறது. வெள்ளைவால் மானின் ஆண்டைப் பாருங்கள். நவம்பர் வாக்கில் இணைசேரும் காலம். கிடா வெறிபிடித்து நிற்கும், கிட்டே போனவன் குடலைக் கொம்பில் சுமப்பான். சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள். மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி. வசந்தத்திலே புதுக் கொம்பு முளைவிட்டு, கோடை முழுதும் மெல்லிய மயிர்த்தோல் போர்த்து, உள்ளே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கூண்டில் இடித்தால் ஒடியும், இரத்தம் கொட்டும். கொம்புதானே அந்தப் பண்ணையின் பணம்! பழைய கொம்பு உதிர்ந்து, புதியது முளைக்காமல், குளிர் இருந்து, பெண்மானுக்கு வயிறு கனக்காத காலம் எது? ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள சில வாரங்கள்தாம். பனிக்கட்டி உறைந்து கால் வழுக்கும் நாள்களையும் கழித்துப் பாருங்கள், மிச்சம் எத்தனை? இன்னொரு நன்மையும் உண்டு. பண்ணையிலேயே பிறந்த குட்டிக்கு 12 மாதம் நிறையும் வரை இந்தச் சோதனை இல்லை. மார்ச்சில் சோதித்தால் போன ஜூனில் பிறந்ததைப் பிடிக்க வேண்டாம். ஜூலையில் சோதித்தால் அதையும் பிடித்தாக வேண்டும்.

இப்போது சட்டத்தின் நாட்காட்டிக்கு வருவோம். மந்தை முழுவதையும் 9 முதல் 15 மாத இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, குறை ஏதும் இல்லையென்றால் அங்கீகாரம். அது கிடைத்தால் மீண்டும் சோதிக்காமலே மானைச் சான்றிதழோடு மாநில எல்லை தாண்டி விற்கலாம். விற்பனையே பிழைப்பு என்பவனுக்கு அது உயிர். அங்கீகாரத்தைக் காப்பாற்ற, 33-ஆம் மாதத்துக்கும் 39-ஆம் மாதத்துக்கும் இடையில் மீண்டும் சோதனை. கணக்கு தொடங்குவது ஆண்டு நிறைவு நாளிலிருந்து. கடைசியாகச் சோதித்த நாளிலிருந்து அன்று. கவனியுங்கள்: 36 மாதம் என்பது சரியாக மூன்று ஆண்டு. எந்தப் பருவத்தில் தொடங்கினாயோ அதே பருவம்தான் திரும்பத் திரும்ப வரும். பிப்ரவரியில் தொடங்கியவன் பிழைத்தான்; முன்னே மூன்று மாதம், பின்னே மூன்று மாதம் நகர்த்திக்கொள்ளலாம், எப்படியும் குளிர்காலம் கையில் இருக்கும். மருத்துவர் அன்றைக்குத்தான் கிடைத்தார் என்று ஆகஸ்டில் தொடங்கியவன்? மே முதல் நவம்பர் வரை அவன் காலம். குட்டி ஈனுவது, பச்சைக் கொம்பு, கோடை வெயில், வெறி பிடித்த கிடா, எல்லாம் அந்த ஏழு மாதத்துக்குள் அடக்கம்! முதல் நாள் தெரியாமல் செய்த ஒரு பிசகு, அங்கீகாரம் உள்ளவரை கூடவே வருகிறது. இதைப் பண்ணை தொடங்கும்போதே எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு நட்டம் மிச்சமாகும்!

அதைவிடக் கொடுமை, ஒரு மானின் கழுத்து தடித்துவிட்டால் வருவது. தடித்ததெல்லாம் காசநோய் அல்ல. பறவைகளிடமிருந்து பரவும் உறவுக்காரக் கிருமி பட்டிருந்தாலும் தடிக்கும். எது என்று பிரித்தறிய, மாட்டு வகை மருந்தையும் பறவை வகை மருந்தையும் பக்கம் பக்கமாக ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதைத் தனியார் மருத்துவர் செய்யக் கூடாது. அரசு மருத்துவரே வர வேண்டும். முதல் ஊசி போட்ட பத்து நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால்? தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும்! பிப்ரவரி நடுவில் முதல் ஊசி. அரசு மருத்துவருக்கு வேறு அலுவல். பதினோராம் நாள் பிறந்துவிட்டது. அடுத்த சோதனை மே நடுவில். நிறைமாதச் சினையைக் கூண்டில் அடைத்து அழுத்த வேண்டும். அதுவரை ஒரு மானைக்கூட விற்க முடியாது. தாமதம் அதிகாரியுடையது. தண்டனை மானுக்கும் மானை வளர்த்தவனுக்கும். கெடு தவறினால் குடிமகனுக்கு அங்கீகாரம் போகும் என்று எழுதிய கை, கெடு தவறினால் அதிகாரிக்கு என்ன ஆகும் என்று எழுதவில்லையே, ஏன்?

இரண்டாவது நோய், மான் மெலிந்து மெலிந்து சாகும் மூளை நோய். 1967-இல் கொலராடோ மாநிலத்தின் ஆராய்ச்சிக் கூடத்து மான்களிடம் முதலில் காணப்பட்டது. 1978-இல்தான் இன்னதென்று இனங்கண்டார்கள். கிருமி கூட இல்லை. பிரியான் என்னும் உருத்திரிந்த புரதம். மண்ணில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவிவிட்டது. மருந்து இல்லை. இங்கே கடிகாரம் மான் செத்த கணத்தில் ஓடத் தொடங்குகிறது. 12 மாதம் நிரம்பிய மான் எது செத்தாலும், சுட்டாலும், சண்டையில் மாண்டாலும், தலையிலிருந்து மூளைத் தண்டையும் நிணநீர்க் கட்டியையும் எடுத்து அனுப்ப வேண்டும். இப்படி ஐந்து ஆண்டு தவறாமல் செய்தால்தான் சான்று. கோடையில் புதருக்குள் செத்துக் கிடந்ததை நாலாம் நாள் கண்டுபிடித்தால் மூளை கூழாகியிருக்கும். அப்புறம் எதைச் சோதிப்பது? நாள்தோறும் தலை எண்ணிப் பார்க்காதவன் இந்தத் தொழிலில் தலை தப்ப முடியாது. நோய் கண்டு மந்தையை அழித்தால் மத்திய அரசு தரக்கூடிய ஈடு, மதிப்பில் 95 விழுக்காடு. ஆனாலும் ஒரு மானுக்கு 3,000 டாலருக்கு மேல் இல்லை.

இந்த விதி பிறந்த வரலாறு நமக்குச் சுவையானது. 2006 ஜூலையில் வாஷிங்டன் விதியை அறிவித்தது. மாநிலங்கள் சும்மா இருந்தனவா? வனவிலங்குத் துறைகளும் கால்நடை அதிகாரிகளும் மனு மேல் மனு போட்டனர்: எங்கள் கடுமையான சட்டங்களை உங்கள் விதி விழுங்கிவிடுமே என்று. செப்டம்பரிலேயே விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2012-இல்தான் மீண்டும் வந்தது: 'எங்கள் விதி குறைந்த அளவு, அதற்கு மேல் கடுமை காட்ட மாநிலத்துக்கு உரிமை உண்டு' என்ற இணக்கத்தோடு. 2014-இல் அது உறுதியாயிற்று. மாநிலங்கள் மூச்சுவிட்டால் நாடு சிதறும் என்று பூச்சாண்டி காட்டுவோர் பார்க்கட்டும். மான் செத்தால் யார் சோதிப்பது என்பதில்கூட மாநிலத்தின் சொல் அங்கே நின்றது, நாடு சிதறவில்லை.

ஆனால் ஓர் உண்மையை ஒளிக்க மாட்டேன். இங்கே மாநிலம் வென்ற உரிமை, மேலும் கடுமையாக விதிக்கும் உரிமை. சாமானியப் பண்ணையாளனுக்கு ஒரு எசமானுக்குப் பதில் இரண்டு எசமான், இரண்டு நாட்காட்டி. அதிகாரம் தலைநகர் மாறி வந்ததாலேயே அதற்கு இரக்கம் பிறந்துவிடாது. பக்கத்தில் வந்த அதிகாரத்தைப் போய்க் கேட்க முடியும் என்பது ஒன்றே இலாபம்.

கேட்பதற்கு வழியும் இல்லாமற் போகவில்லை. 2013-இல் காசநோய்க்கு இரத்தச் சோதனை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒருமுறை பிடித்தால் போதும், இரத்தம் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரிலுள்ள தேசியக் கூடத்துக்குப் போகிறது. 72 மணிக் கணக்கும் வியாழக்கிழமை ஓட்டமும் அங்கே இல்லை. அது பரவலாகட்டும். பண்ணையாளன் கேட்டால் ஆண்டு நிறைவு நாளை ஒருமுறை, ஒரேயொரு முறை, குளிர்காலத்துக்கு மாற்றித் தரட்டும். நோய்க்கு அதனால் எந்த ஓட்டையும் திறந்துவிடாது, முன்கூட்டியே ஒரு சோதனை கூடுதலாக நடக்கும், அவ்வளவே. அரசு மருத்துவர் பத்து நாளுக்குள் வரவில்லையென்றால், காத்திருக்கும் தொண்ணூறு நாள் தீவனச் செலவை அரசே கொடுக்கட்டும்.