உழவுத்தொழிற் காட்சிகள்

உழவைச் சீர்திருத்த வேண்டுமெனப் பேசுவோர் பலர். உழவன் கண்ணுக்குப் புலனாகுமாறு செய்து காட்டினோர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1785-ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியா நகரத்தில் உழவு வளர்ச்சிச் சங்கமொன்று தோன்றிற்று. அதன் உறுப்பினர் பெரும்பாலும் செல்வரும் கல்விமான்களுமாவர். அவர்கள் கட்டுரைகள் வரைந்தனர், பரிசுகளும் அறிவித்தனர். ஆயினும், கலப்பை பிடிப்போனுக்கு அக்கட்டுரைகளால் விளைந்த பயன் சிறிதே என்பது எம் கருத்து. (கட்டுரை வரையும் மாணவராகிய யாமே இதனைக் கூறுதல் நகைப்புக்கிடமாகலாம்.)

வேறு வழி கண்டவர் எல்கானா வாட்ஸன் என்பார். அவர் வழிவழி உழவரல்லர். வணிகமும் வங்கித் தொழிலும் நடத்திய பின்னர், மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிட்ஸ்பீல்ட் என்னும் ஊரிற் குடியேறி நிலம் கொண்டவர். 1807-இல், நுண்ணிய மயிர் தரும் மெரினோ என்னும் ஸ்பெயின் தேசத்து இன ஆடுகள் இரண்டை அவ்வூர்ப் பொதுவெளியில் நிறுத்தி வைத்தார். அவர் செய்தது அவ்வளவே. உழவரும் பெண்டிரும் வந்து சூழ்ந்து நோக்கினர். இரண்டு ஆடுகளே இத்துணைப் பேரை ஈர்க்குமாயின், வட்டாரத்துக் கால்நடைகளெல்லாம் ஓரிடத்திற் கூடின் யாது விளையும் என அவர் எண்ணினார். 1810-இல் ஆங்குக் கால்நடைக் காட்சி நடைபெற்றது; மறு ஆண்டிற் பெர்க்ஷயர் உழவுச் சங்கம் நிறுவப்பெற்றது.

உழவன் புதுமையை எளிதில் நம்பான் என்பர். அஃது அவன் குற்றமன்று. புதிய விதை பொய்க்குமாயின் ஓராண்டு உணவை இழப்பவன் அவனேயன்றி, அதனைப் புகழ்ந்தெழுதியவன் அல்லன். தன் அண்டை நிலத்தான் வளர்த்த ஆட்டின் மயிரைத் தன் விரல்களாற் பிரித்துப் பார்த்து, தீனி யாது, செலவு எவ்வளவு என்று அவனையே வினவும்போதுதான் ஐயம் நீங்கும். காட்சியின் பயன் இவ்வினாவிலேயே உளது. பரிசு, அவ்விருவரையும் ஓரிடத்துக்கு அழைக்கும் ஓலை மட்டுமே.

மகளிரையும் வாட்ஸன் மறந்திலர். 1813-இல் வீட்டில் நெய்த துணிகளுக்குப் பரிசளிக்க ஏற்பாடு செய்தபோது, அவர்கள் நாணி வாராதிருந்தனர். தம் மனைவியாரை அவர் முதலில் மண்டபத்துக்கு வருவிக்கவே, ஏனையோரும் தொடர்ந்து வந்தனர்.

1841-இல் நியூயார்க் மாகாணம் முழுமைக்குமான காட்சி சிரக்யூஸ் நகரில் நடைபெறுமளவுக்கு இம்முறை பரவியது. பின்னர்க் குதிரைப் பந்தயமும் கேளிக்கையும் புகுந்து பல காட்சிகளில் முதலிடம் பெற்றன. கூட்டம் சேர்தற்கு அவை வேண்டுமென்பாரோடு யாம் முற்றும் மாறுபடவில்லை. களிப்பின்றி எவ்வூரினும் மக்கள் திரளார். ஆயின், ஓராள் தூக்கவியலாத பூசணிக்காய்க்குப் பரிசளித்து, அது விளைந்த வகையைக் கூறாது விடுதல் வேடிக்கையேயாம். தொடக்ககாலச் சங்கங்கள் சில, மிகுந்த விளைச்சலுக்குப் பரிசு பெறுவோர் தாம் உழுத முறையையும் இட்ட எருவையும் எழுதித் தருமாறு கேட்டன. அவ்வழக்கத்தை எந்நாட்டுக் காட்சியும் மீண்டும் மேற்கொள்ளலாம். எழுதிய தாளைப் பூசணிக்காயின் அருகிலேயே, அனைவரும் படிக்குமாறு, தொங்கவிடலாம்.