பள்ளி நாட்கள் கூட வேண்டுமா?

படிப்பில் பின்தங்கிய அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் பள்ளி ஆண்டை நீட்டிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. பிறகு அடங்கியும் விடுகிறது. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது அடங்கிவிடக் கூடாத பேச்சு என்பது என் கருத்து. சாம்பியன் ரீப்ஸில் பிறந்து இன்றும் அங்கேயே வாழ்கிறவன் என்ற முறையில் சங்கத்து அன்பர்களின் கவனத்திற்கு இதை வைக்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள் இருக்க வேண்டும். ஏட்டளவில் இது சரியாகவே இருக்கும். ஆனால் தேர்தல் வந்தாலும் கணக்கெடுப்பு வந்தாலும் அரசு முதலில் தேடுவது ஆசிரியரைத்தான். 2025 அக்டோபரில் கர்நாடகத்தில் சமூக, கல்விக் கணக்கெடுப்பு முடியவில்லை என்று அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் தசரா விடுமுறையை 18ஆம் தேதி வரை நீட்டித்தார்கள். கூடுதல் வகுப்பு வைத்து ஈடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். ஈடு செய்வது எளிதா? பத்து நாள் பாடத்தை மாலை நேரத்தில் அவசரமாக ஓட்டினால், நன்றாகப் படிக்கும் பிள்ளை பிடித்துக்கொள்ளும். தடுமாறும் பிள்ளை இன்னும் பின்னால் போகும். ஆகவே நாட்களைக் கூட்டுவதற்கு முன்னால், உள்ள நாட்களை வெட்டாதீர்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

நாட்களைக் கூட்டுவது முடியாத காரியம் அல்ல. கொரோனாவால் படிப்பு கெட்டது என்று 2022இல் இதே கர்நாடக அரசு மே 16ஆம் தேதியே பள்ளிகளைத் திறந்து, 'கலிகா சேதரிகே' என்ற பெயரில் விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக்கொடுக்க முனைந்தது.

இனி எங்கள் ஊர் நிலைமை. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில்தான் எங்களுக்குக் கம்பெனி என்று ஆகிவிட்டது. விடியுமுன் பெங்களூர் வேலைக்குப் போகும் தாய் தகப்பன் இரவில்தான் லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பாட்டி சோறு போடுவாள். கன்னடப் பாடமோ ஆங்கிலக் கணக்கோ அவளால் சொல்லித்தர முடியுமா? வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு மொழி என்று வளரும் பிள்ளைக்கு ஏப்ரல், மே இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாமல் போனால், ஜூனில் எழுத்துகூட அந்நியமாகத் தெரிகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதே இரண்டு மாதத்தில் டியூஷன், கோடை முகாம் என்று போய் வருகிறது.

அதற்காக அதே வகுப்பை, அதே பாடத்தை, அதே வேகத்தில் இன்னும் முப்பது நாள் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பீகாரில் 2008இல் அரசும் பிரதம் என்ற தொண்டு நிறுவனமும் ஜூன் மாதத்தில் ஒரு மாதம் கோடை முகாம் நடத்தின. கற்பித்தவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. பாடத்திட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்லோவும் இடம்பெற்ற குழு இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. அதே புத்தகங்களையும் பயிற்சியையும் மட்டும் கொடுத்து, பள்ளி நடக்கும் மாதங்களில் ஆசிரியர்களிடம் விட்டபோது பலன் கிடைக்கவில்லை. பாடத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடிதான் அப்போது ஆசிரியரை ஓட்டியது. நாட்களைக் கூட்டினால் அவை பாடத்திட்டத்தின் பிடியில் இல்லாத நாட்களாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

'மே வெயிலில் பிள்ளைகளை வதைப்பதா?' என்று சிலர் கேட்பார்கள். வேலூர்க்காரர் கேட்டால் நியாயம். மேட்டு நிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் காலை எட்டு முதல் பதினொன்றரை வரை தாராளமாக வகுப்பு நடத்தலாம். சோற்றுக்கும் வழி உண்டு. 2024 வறட்சியில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட அரசு உத்தரவிட்டதே! அடுப்பைப் பற்றவைக்க முடிந்தவர்களுக்கு அடுத்த அறையில் கரும்பலகையைத் துடைப்பது பெரிய வேலை இல்லை.

ஆசிரியர்களின் சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். சிகாகோ நகரில் 2012இல் பள்ளி நேரத்தை நீட்டித்தபோது ஆசிரியர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் முதலிய பல குறைகளோடு அதுவும் ஒரு காரணம். விடுமுறையில் உழைப்பவருக்கு ஈட்டிய விடுப்போ தனி ஊதியமோ தராமல் வேலை வாங்கினால், முகாம் பெயரளவில்தான் நடக்கும்.

இன்னொரு தடை நம்மிடமே இருக்கிறது. மே பிறந்தால் நாம் ஊருக்குப் போய்விடுகிறோம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதற்குப் போகாதே என்றால் என் வீட்டிலேயே யாரும் கேட்க மாட்டார்கள்! ஆகவே சித்திரை பிறந்த மறுநாள் தொடங்கி, திருவிழாவுக்கு நாலு நாள் முன்னதாக முடித்துவிடலாம். ஞாயிறு போக இருபதுக்கு மேற்பட்ட நாட்கள் கிடைக்கும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கொண்ட பள்ளி வளர்ச்சி, மேற்பார்வைக் குழு உண்டு. அதில் நம்மவர் பலர் உறுப்பினராக இருந்தும் கையெழுத்துப் போடுவதோடு சரி. தை, மாசிக் கூட்டங்களில் இந்த முகாமுக்குத் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அதிகாரிக்கு அனுப்பலாம். கன்னடமும் தமிழும் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளைச் சங்கம் திரட்டித் தரலாம். காலை வேளையில் வாசிப்பு சொல்லித்தர நான் வருகிறேன்.